கல்கத்தா கோப்பை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ரக்பி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜெயித்தவர்களுக்குக் கொடுத்த பரிசின் பெயர் ‘கல்கத்தா கப்’. அங்கே எதற்குக் கல்கத்தா என்று தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்கே நடத்திய ஒரு ஃபுட்பால் கிளப்பின் நினைவாம். ஐந்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் கலைத்துவிட்டார்கள். இலவச மது நின்றதும் ஆள் வரவில்லை என்றும் போட்டிருந்தது. இப்படித் தோற்றுப்போன ஒரு வெள்ளைக்காரர் கிளப்பை நாம் ஏன் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒரு சொல். அந்தக் காலத்து ராணுவத்தில் சிப்பாய் என்றால் இந்தியப் படைவீரர். நீங்கள் குறிப்பிடுபவர்களைச் சோல்ஜர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் மட்டும் நடத்திய கிளப்பும் இல்லை. ‘பஃப்ஸ்’ என்று அழைக்கப்பட்ட கிழக்கு கென்ட் ரெஜிமென்ட்டுக்காரர்களும், ரக்பி என்ற ஊரின் பள்ளியில் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வேலைக்காகக் கல்கத்தா வந்தவர்களும் சேர்ந்து நடத்தியது. பெயரில் ஃபுட்பால் இருப்பதும் குழப்ப வேண்டாம். அவர்கள் ஆடியது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பிதான். 1871இல் லண்டனில் தொடங்கிய தலைமைச் சங்கத்தின் பெயரே ரக்பி ஃபுட்பால் யூனியன்தான்.

அதே 1871 மார்ச்சில் எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் முறையாக மோதின. ரக்பியின் முதல் சர்வதேச ஆட்டம் அது. இரண்டு வருஷம் முடிவதற்குள், 1872 கிறிஸ்துமஸ் அன்று, கல்கத்தாவில் அதே போட்டியைத் தங்களுக்குள் ஆடிப் பார்த்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கம் 20 பேர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆட்கள் சேர்ந்து மறுபக்கம் 20 பேர். பண்டிகை நாளில் ஊர் நினைப்பு வந்தவர்கள் செய்த காரியமாகவே எனக்கு இது படுகிறது. அடுத்த வாரமே மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கிளப் பிறந்துவிட்டது. 1874இல் லண்டன் யூனியனிலும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் ஏன் நிலைக்கவில்லை? இலவச மது நின்றதும் கூட்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் கதை தவறிப்போகும். ரக்பி ஈர மண்ணில் விழுந்து புரளும் ஆட்டம். கல்கத்தாவில் குளிர்காலம் குறுகியது, அதற்குள் தரை காய்ந்து இறுகிவிடும். டென்னிஸும் போலோவும் அந்த ஊர் வெயிலுக்குத் தோதாக இருந்தன, ஆட்கள் அங்கே போனார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ரெஜிமென்ட் மாற்றல். சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களின் கிளப்புக்கு ஆட்கள்தான் சொத்து. பட்டாளத்தானுக்கோ எந்த ஊரும் நிரந்தரம் இல்லை. உத்தரவு வந்தால் படைப்பிரிவு மொத்தமாகக் கிளம்பிவிடும், அதோடு அணியும் போய்விடும். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்துவது அவர்கள் கலைத்த விதம். 1877 டிசம்பரில் ராத்னி என்பவர் லண்டன் யூனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பின் கேப்டன், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. கடைசியில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று இதிலேயே தெரிகிறது, இல்லையா? கையிருப்புப் பணத்தில் ஒரு கோப்பை செய்து தருகிறோம். ரக்பிக்கு நிலைத்த நன்மை ஒன்று செய்ததாக இருக்கும், எங்கள் கிளப்புக்கும் சிறு நினைவாக இருக்கும் என்பது அவருடைய யோசனை. மிச்சப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வங்கியில் இருந்ததை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து உருக்கினார்கள். 270 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைய ஒரு ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். கோப்பையின் உயரம் ஏறக்குறைய 18 அங்குலம். கைப்பிடிகள் மூன்றும் ராஜநாகங்கள், மூடியின் உச்சியில் அம்பாரி வைத்த யானை. இந்தியக் கைவேலை அது, பார்த்தவுடன் தெரியும். அதில் பொறித்த வாசகத்தில் கிளப் இருக்கிறது, யூனியன் இருக்கிறது, இரண்டு நாடுகளும் 1878 என்ற ஆண்டும் இருக்கின்றன. படமெடுத்த நாகத்தை வெள்ளியில் எழுப்பியவரின் பெயர் இல்லை. நாம் ஏன் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டீர்கள். அந்தக் கைகளுக்காகவாவது வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளப்புகளுக்குள் நாக் அவுட் போட்டி நடத்தி இந்தக் கோப்பையைக் கொடுப்பார்கள் என்றுதான் கல்கத்தாக்காரர்கள் எதிர்பார்த்தார்கள், கால்பந்தில் எஃப்.ஏ. கோப்பை மாதிரி. யூனியன் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசுக்காக முட்டிமோதுவது, சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் ஆட்டத்தின் பண்பைக் கெடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் இதற்காக நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. ரக்பி சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமாக மாறியது 1995இல். எந்தக் கொள்கைக்காக அந்த விருப்பத்தை மறுத்தார்களோ அது போய்விட்டது, கோப்பை இருக்கிறது. ஆனால் அடிபட்டுத்தான் இருக்கிறது. 1988இல் ஆட்டம் முடிந்த இரவில் வீரர்கள் இருவர் அதை எடின்பரோ தெருவில் பந்துபோல உதைத்து நசுக்கினார்கள். படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. செப்பனிட்டிருக்கிறார்கள் என்றாலும் மூலக் கோப்பை நொய்ந்துவிட்டது.

கல்கத்தாவில் ரக்பி அத்துடன் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 1884இலேயே மறுபடி ஒரு கிளப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மைதான் புல்வெளியில் ‘ஜங்கிள் குரோஸ்’ என்ற கிளப் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறது. அங்கே இன்று இது மழைக்கால ஆட்டம். சோல்ஜர்கள் கிறிஸ்துமஸில் தேடிய ஈர மண் அந்த ஊரில் ஜூலையில் கிடைக்கிறது. கொல்கத்தா போவதாக இருந்தால் அந்த மாதத்தில் போங்கள், சேற்றில் புரளும் பையன்களைப் பார்க்கலாம்.