தென்னங்கீற்றைக் காயவைக்கும் சாம்பல் நிறப் பூச்சி எது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், தம் தென்னைகளின் அடிமட்டைகள் தீய்ந்ததுபோல் காய்வதையும், மரங்களில் சாம்பல் நிறச் சிறு பூச்சிகள் ஒட்டியிருப்பதையும் சொல்லி, அவை எவை, எங்கெல்லாம் உண்டு என்று கேட்டிருக்கிறார்.

இந்த அடையாளங்கள் கருந்தலைப்புழுவின் தாய்ப்பூச்சியான ஓப்பிசினா அரினோசெல்லா என்னும் அந்துப்பூச்சிக்குப் பொருந்துகின்றன. 1864இல் ஆங்கிலப் பூச்சியியலாளர் வாக்கர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர்தான். பெண் பூச்சிக்கு உணர்கொம்புகள் நீளமானவை; அதன் முன்னிறக்கையில் மங்கலான மூன்று புள்ளிகள் தெரியும். ஆணின் பின்னிறக்கை ஓரத்தில் மெல்லிய மயிர்க்குஞ்சம் இருக்கும்.

ஆனால் பூச்சியை மட்டும் பார்த்து முடிவுசெய்வது சரியல்ல. காய்ந்த கீற்றைத் திருப்பிப் பார்ப்பதே உறுதியான வழி. இலையின் அடிப்புறத்தில், தன் எச்சத்தையும் பட்டிழையையும் சேர்த்துப் பின்னிய நீண்ட கூட்டுக்குள், பச்சை கலந்த பழுப்பு உடலும் கருந்தலையும் முதுகில் பழுப்புக் கோடுகளும் கொண்ட புழு, பச்சையத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும்.

கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் தென்னைப் பகுதிகளிலும் இலங்கையிலும் இது நெடுங்காலமாக உண்டு. பின்னாளில் தாய்லாந்துக்கும் சீனத்தின் ஹைனான் தீவுக்கும் பரவியது. கோடையில் பெருகும் இப்பூச்சிக்கு மருந்தடிக்கும் முன், தாக்கப்பட்ட அடிமட்டைகளை வெட்டி எரித்துவிட்டு, புழுவைத் தாக்கும் கோனியோசஸ் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோப்பில் விடுமாறு வேண்டுகிறேன்.