கல்வெட்டு வைக்க முடியாத வேலை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். லால்குடி வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்குள் வர வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டிய பாலம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் விழுந்து நாலு வருடம் ஆகிறது. அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மனு கொடுத்தோம். வந்து பார்த்தார்கள். ‘பாலம் பழுதடைந்துள்ளது, கனரக வாகனங்கள் செல்லத் தடை’ என்று ஒரு போர்டு வைத்துவிட்டுப் போனார்கள். அதோடு டவுன் பஸ்ஸும் அக்கரையிலேயே திரும்பிவிடுகிறது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான். பஸ் ஏற ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் நெல் லாரி ஊருக்குள் வராது. டிராக்டரில் கொண்டுபோய் அக்கரையில் ஏற்றுகிறோம், மூட்டைக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கூலி தனி.

கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். மெரினாவில் ஒரு நினைவிடத்துக்கு 80 கோடி, பக்கத்திலேயே இன்னொன்றுக்கு 39 கோடி. குஜராத்தில் சிலைக்கு 3,000 கோடி. மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? வரும் தேர்தலை ஊரோடு புறக்கணிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த போர்டு விஷயத்தைத்தான். பாலம் பலவீனமாக இருக்கிறது என்பதை ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்து, பெயிண்டில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளைக்கே ஒரு கண் இடிந்து விழுந்தால், ‘முன்னமே எச்சரித்துவிட்டோம்’ என்று சொல்ல ஒரு சாட்சி வாய்க்கால் கரையில் நிற்கிறது. பாலத்தைக் காப்பாற்ற வைத்த போர்டு இல்லை அது. கோப்பைக் காப்பாற்ற வைத்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஜெயலலிதா நினைவிடம் சுமார் 80 கோடி, கருணாநிதி நினைவிடம் 39 கோடி, இரண்டும் சரிதான். படேல் சிலைக்கு ஆனதும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன தொகைதான். ஆனால் தமிழ்நாடு அரசின் ஓராண்டுச் செலவு இன்று 4 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. இரண்டு நினைவிடங்களையும் ஒரே வருடத்தில் கட்டினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், நூறு ரூபாயில் மூன்று காசு. அந்தக் காசை மிச்சம் பிடித்திருந்தால் உங்கள் பாலம் எழும்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதனால் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. நினைவிடத்துக்குத் திறப்பு விழாத் தேதி இருந்தது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று விரட்ட ஆள் இருந்தார்கள். உங்கள் பாலத்துக்கு இரண்டும் இல்லை. எரிச்சல் வர வேண்டிய இடம் இதுதான்.

ஆயிரம் ரூபாய் விஷயத்தில் நான் உங்களோடு நிற்க மாட்டேன். ஒரு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது, வருடத்துக்கு 13,800 கோடிக்கு மேல். பெரிய தொகைதான். ஆனால் அது உங்கள் ஊர் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும்தான் செலவாகிறது. வாங்குகிறவர்களில் உங்கள் வீட்டுப் பெண்களும் இருக்கலாம். பேருந்து விஷயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலவச டிக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, பஸ் வந்தால்தானே டிக்கெட்? அந்தத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கிய பணம் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு முழுதாகப் போய்ச் சேராமல் அந்தப் பாலம்தான் தடுத்துக்கொண்டிருக்கிறது. நலத்திட்டமா பாலமா என்று இரண்டையும் மோதவிடுவது அரசியல்வாதிக்குத்தான் வசதி.

அப்படியானால் எங்கே சிக்கல்? அரசு கணக்கு எழுதும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்டினால் அது மூலதனச் செலவு. அதற்கு நபார்டு கடன் தரும், உலக வங்கி தரும், ஆசிய வளர்ச்சி வங்கி தரும். டெண்டர் உண்டு, பூமி பூஜை உண்டு, மந்திரி பெயர் போட்ட கல்வெட்டு உண்டு. இருப்பதைப் பழுது பார்ப்பது பெரும்பாலும் வருவாய்ச் செலவில், அதாவது அந்தந்த வருடத்து நடப்புச் செலவில், போய்ச் சேரும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் எல்லாம் அதே பக்கத்தில்தான் நிற்கின்றன. கை இறுகும் வருடத்தில் சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்த முடியாது. சத்தமில்லாமல் நிறுத்தக்கூடியது மராமத்துப் பணம் ஒன்றுதான். மதகு ஷட்டருக்குக் கிரீஸ் போடாததற்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம், தளம் ஒழுகுவதைச் சரிசெய்ய யார் பத்திரிகை அடிக்கிறார்கள்?

உங்கள் வட்டத்துக்காரர்களுக்கு முக்கொம்பை நான் சொல்லத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணை. 2018இல் பல வருடங்களுக்குப் பிறகு மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போனது. ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் வரிசையாக உடைந்து போயின. அதற்குச் சில நாள் முன்புதான் திருவானைக்காவல் பக்கம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் தூண்கள் உள்வாங்கியிருந்தன. அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை இறங்கியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். எனக்கு விவசாயிகள் சொன்னது பெரும்பகுதி சரி என்றே படுகிறது. படுகை இறங்கினால் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அரிப்பதும், வெள்ளம் வரும்போது அது ஒரே இரவில் வெளிப்படுவதும் புதிய விஷயம் இல்லை. வயதுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். வயது திடீரென்று வருவதா? ஒவ்வொரு கோடையிலும் ஆறு வறண்டு கிடந்தது. இறங்கிப் பார்க்க அத்தனை கோடைகள் இருந்தன.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. உடைந்த ஓரிரு நாளிலேயே அதிகாரிகள் வந்தார்கள், முதல்வர் வந்தார், புதிய கதவணை அறிவிக்கப்பட்டது. சுமார் 387 கோடி ரூபாயில் வேலை நடந்தது. இருப்பதைக் காக்கக் கிடைக்காத பணம், அது உடைந்த பிறகு புதிதாகக் கட்டக் கிடைத்துவிட்டது. யாரும் திருடினார்கள் என்று சொல்லவில்லை. நம் கணக்கு முறையே உடைப்புக்காகக் காத்திருக்கும்படி இருக்கிறது.

புதிதாகக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே 25 கோடிக்கு மேல் செலவிட்டுக் கட்டிய தடுப்பணை, திறந்து சில மாதங்களிலேயே 2021 ஜனவரியில் உடைந்தது. அந்த வருடம் நவம்பர் வெள்ளத்தில் அதே ஆற்றில் எல்லீஸ் சத்திரம் அணையும் போனது. அது 1950 வாக்கில் கட்டியது. எழுபது வருடம் நின்ற கிழவனும் பிறந்து சில மாதமான குழந்தையும் ஒரே ஆற்றில் ஒரே வருடத்தில். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம் பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து சுமார் 16 கோடியில் கட்டிய பாலம் திறந்து மூன்று மாதத்தில், 2024 டிசம்பரில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரில் அடித்துச் செல்லப்பட்டது.

இத்தாலியிலும் இதே கதைதான். ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தது 2018 ஆகஸ்ட் 14, முக்கொம்பு உடைவதற்கு எட்டு நாள் முன்பு. பாலத்தை வடிவமைத்த மொராண்டியே 1979இல், கடல் காற்றில் அது அரிக்கிறது, தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆட்கள். ஒரு வாய்க்கால் தலைப்பு மதகைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் திருகுக் கம்பியில் கிரீஸ் காய்ந்து கருப்பாகப் பிடித்திருக்கும், கைச்சக்கரம் காணாமல் போயிருக்கும், பலகைக்கு அடியில் சாக்குமூட்டை அடைத்திருக்கும். முன்பு லஸ்கர் என்று ஒருவர் இருப்பார். கரையில் நடந்தே போவார். எலி வளையும் நண்டு வளையும் எங்கே இருக்கின்றன, எந்த மதகில் கசிவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, ஒரே ஆளுக்கு நாலு பேர் தூரம் வந்து சேர்கிறது. சாலையிலும் இதே நிலைமைதான். 2002இல் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேரை அரசு ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது. குழி அடைத்து, ஓரத்துப் புதர் வெட்டி, வடிகால் தூர்த்ததை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 41 மாதம் கழித்து, தேர்தல் வருடமான 2006இல்தான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் பல வருடம் போராடினார்கள். நம்மில் எத்தனை பேர் அதை நம்முடைய பிரச்சினையாக நினைத்தோம்?

பாலத்தின் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைக்கிறது. இரண்டு இலை விட்டிருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். பத்து வருடம் விட்டால் வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும், பிறகு பிடுங்கினாலும் ஆபத்து. தளத்தில் மழைநீர் வடிய விட்ட குழாய் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும், கம்பி துரு ஏறி உப்பும், காரை பெயரும். நீங்கள் எழுதியிருக்கும் பாலத்தின் சரித்திரமும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஒரு கம்பியும் மண்வெட்டியும் கையில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோக ஓர் ஆள் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் சோழர் காலத்து ஊர்களில் ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கியிருந்தார்கள். அதன் வருமானம் ஏரி மராமத்துக்கு மட்டும். உத்திரமேரூரில் அதைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்தது. வேலை செய்தவர்களை அந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பது வேறு கதை. ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைச் சரிசெய்யும் பிற்காலக் குடிமராமத்தில் கூடையும் மண்வெட்டியும் யார் தலையில் விழுந்தது என்று தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அதனால் அந்த ஏற்பாடு முழுதும் திரும்பி வர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வேறு எதற்கும் தொட முடியாத மராமத்துப் பணம் என்ற யோசனை மட்டும் இன்றைக்கும் நல்ல யோசனைதான். 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசு 100 கோடியில் ஒரு திட்டம் தொடங்கியது. சில இடங்களில் நன்றாக நடந்தது, சில இடங்களில் கரை மண்ணை அள்ளியதோடு முடிந்தது. எப்படி நடந்தாலும் அது ஒரு ‘திட்டம்’. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, மராமத்துக்குக் கிடையாது.

இனி உங்கள் ஊர். முதலில் அந்தப் பாலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். சிரிக்காதீர்கள், பாதி மனுக்கள் செத்துப் போவது இதில்தான். சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், அல்லது நெடுஞ்சாலைத் துறையுடையது. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. மேலே நடப்பவனுக்கு ஒரு துறை, கீழே ஓடும் தண்ணீருக்கு ஒரு துறை, நடுவில் இருக்கும் பாலத்துக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. போர்டு வைத்தது எந்த அலுவலகமோ, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். பாலத்தின் பராமரிப்பு எந்தத் துறையிடம், கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், ஆய்வறிக்கை நகல், பழுதுபார்க்க மதிப்பீடு தயாரித்தார்களா, தயாரித்தால் எங்கே நிற்கிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின்படி வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளில் சான்றிட்ட மாதிரி கேட்கவும்கூட உங்களுக்கு உரிமை உண்டு. புதுப் பாலம் வரும்போது இது உதவும்.

புதுப் பாலம் மட்டும் கேட்காதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போடும்போது, வருடாந்திர ஆய்வும் அதைச் செய்யும் ஆளின் பணியிடமும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பேரன் எனக்குப் பிறகு வருகிற யாருக்காவது இதே கடிதத்தை எழுதுவான்.

தேர்தல் புறக்கணிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதில் என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கருப்புக் கொடி கட்டுவீர்கள், தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வருவார், ‘தேர்தல் முடிந்ததும் செய்கிறோம்’ என்பார், பெரியவர்கள் சமாதானமாவார்கள். அப்படித்தான் செய்வோம் என்று முடிவெடுத்தால், அவர் வரும் அன்றைக்குத் தகவல் உரிமைப் பதிலும் மதிப்பீட்டு எண்ணும் கையில் இருக்கட்டும். வாய்மொழி வாக்குறுதியை ஏற்க வேண்டாம், பேச்சுவார்த்தைக் குறிப்பில் கோப்பு எண்ணும் தேதியும் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பாலம் எந்தத் துறையுடையது என்று தெரிந்ததும் எழுதுங்கள்.