வெயிலைப் பார்த்து நேரம் வையுங்கள்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் மதுரை, வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கம். வேலை பெங்களூரில். ஆகஸ்ட் கடைசி வாரம் சனி, ஞாயிறு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அம்மாவைப் பார்க்க வருகிறேன். அக்கா குடும்பமும் வருகிறது. போன தடவை நடுப்பகலில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். படங்களில் முகமெல்லாம் கருப்பு, வேட்டியெல்லாம் வெள்ளைத் திட்டு. பிள்ளைகளுக்குப் பசி, அம்மாவுக்கு முழங்கால் வலி. கையில் 18-55 லென்ஸ் போட்ட கேமராவும் போனும் இருக்கின்றன. ஊரையும் எடுக்க வேண்டும், நல்ல சாப்பாடும் வேண்டும். அம்மா கறி தோசை சுடுவதைப் படமெடுக்க ஆசை, ஆனால் அடுப்படி இருட்டு. எப்படித் திட்டமிடலாம்?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

போன தடவை கெட்டது நேரத்தால்தான். நீங்கள் வரும் அதே ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் சூரியன் நடுப்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கும், 12.20 வாக்கில். அப்போது வெளியே யாரை நிறுத்தினாலும் கண்குழியில் நிழல் விழும். ஆகவே படத்துக்குக் காலை 6.10 முதல் 8 வரை, மாலை 4.45 முதல் 6.30 வரை. மீதி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். மதுரையின் சாப்பாட்டு நேரமும் இதோடு பொருந்தியே வருகிறது: எட்டு மணிக்கு இட்லி, மதியம் வீட்டுச் சமையல், நான்கு மணிக்கு ஜிகர்தண்டா, இருட்டியபின் பரோட்டா.

சனிக்கிழமை காலை தெப்பக்குளத்திலேயே தொடங்குங்கள். அம்மா நடக்க வேண்டிய தூரமும் குறைவு. மேற்குக் கரையில் நின்றால் மைய மண்டபம் உதயத்துக்கு எதிரே கருநிழலாக நிற்கும். பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டுமானால் கிழக்குக் கரைக்குப் போய், வெயில் உங்கள் முதுகில் விழ நின்று, மண்டபம் பின்னால் வர எடுங்கள். குளம் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம். லென்ஸை 18-இல் வைத்தால் மண்டபம் பொட்டாகிவிடும், 55-க்குத் திருகிக்கொண்டு ஆட்களை உங்களுக்குக் கிட்டத்தில் நிறுத்துங்கள்.

மகாலுக்கு ஒன்பது மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள். முற்றம் திறந்த வெளி, தூண்வரிசை நிழல். இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் கேமரா முற்றத்தைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் கருக்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நீங்கள் நில்லுங்கள். அவர்களை வெயில் படாத தூணருகே முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். முற்றத்து வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். வெள்ளை வேட்டி இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 குறையுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும். முழுத் தூணும் வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாயும். மட்டமாகப் பிடித்துப் பின்னால் நகருங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் போனுக்கும் தடை. அங்கே கேமராவை மறந்து சாமி கும்பிடுங்கள். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். கோபுரத்தைச் சித்திரை வீதியில் தள்ளி நின்று எடுக்கலாம். ஆவணி மூலத் திருவிழா அந்த வாரம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் கோயிலைச் சுற்றி வண்டி நகராது.

குடும்பப் படத்துக்கு வீட்டு வாசலே போதும். தாழ்வாரத்தின் விளிம்புக்கு ஓரடி உள்ளே, தெருவைப் பார்க்க, இரண்டு வரிசை: அம்மா நாற்காலியில், பெரியவர்கள் பின்னால். லென்ஸ் 35-இல், துளை எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/125 நொடி. குவியம் (ஃபோகஸ்) முன்வரிசையில். 18-இல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள். குறைந்தது ஆறு படம் தொடர்ந்து எடுங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

கறி தோசையை ஞாயிறு காலைக்கு வையுங்கள். ஏழு மணிக்குள் கறிக்கடைக்குப் போனால் தொடைக்கறியைக் கண்முன்னே கொத்தி வாங்கலாம். நான்கு தோசைக்கு 400 கிராம் கொத்துக்கறி, 150 கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒன்று மிளகாய்த்தூள், அரை மிளகுத்தூள். நல்லெண்ணெயில் வதக்கிக் குக்கரில் நான்கு விசில். பிறகு திறந்து வைத்துத் தண்ணீர் சுண்டச் சுண்டக் கிளற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் கெடும்: கறியில் ஈரம் நின்றால் தோசைமேல் ஊற்றிய முட்டையில் அது பிடிக்காது, திருப்பும்போது தோசை இரண்டாகும். இரும்புக் கல்லில் இரண்டு கரண்டி மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே பாதி வெந்ததும் அடித்த முட்டை ஒன்று, அதன்மேல் கறி பரப்பிக் கரண்டியால் லேசாக அமுக்குங்கள். சுற்றி எண்ணெய். ஓரத்து முட்டை இறுகியபின் திருப்பி, சிறு தீயில் ஒரு நிமிடம். கல் அதிகம் காய்ந்திருந்தால் முட்டை வேகுமுன் அடி கருகும். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

படமெடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் குழல் விளக்கும் கலந்தால் முகத்தில் பாதி நீலம், பாதி பச்சை. ஜன்னலோ கதவோ பக்கவாட்டில் இருக்கும்படி நின்றால் ஆவி தெரியும், அதற்குப் பின்னால் இருட்டுச் சுவர் வேண்டும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிப்போன படத்தை எதுவும் சரிசெய்யாது. அம்மா முட்டை ஊற்றும் கையை 1/125-இல் எடுக்கலாம், தோசையைத் திருப்ப 1/250 தேவை. இலையில் பரிமாறிய சாப்பாட்டில் கேமரா பச்சையைக் கண்டு சிவப்பைக் கூட்டிவிடும், கறி செந்தூரமாகத் தெரியும். வெள்ளைச் சமநிலையை (வொயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் வெயிலுக்கோ நிழலுக்கோ கையால் மாற்றுங்கள்.

இரவு பரோட்டாக் கடையில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். வேறு வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். ஜிகர்தண்டாவைக் கையில் தந்தவுடன் எடுங்கள். ஐஸ்கிரீம் உருகினால் எல்லாம் ஒரே நிறம்.

ஞாயிறு மாலை ரயிலேறுமுன் பத்துப் படங்களை ஸ்டூடியோவில் அச்செடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். கேமராப் படம் 4×6 அங்குலத் தாளில் அப்படியே பொருந்தும். போன் படம் 4:3 என்பதால் கிடைமட்டமாக எடுத்தது மேலும் கீழும், நெடுக்காக எடுத்தது இரு பக்கமும் வெட்டுப்படும். போனில் எடுக்கும்போதே அந்த ஓரங்களில் இடம் விட்டு எடுங்கள். தாள் மேட் வகையாக இருக்கட்டும். பளபளத் தாள் சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் உரிந்துவரும்.