முதல் முறையாக மரக் கடைசல் மாநாட்டுக்குப் போகிறவருக்கு

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டு கராஜில், மரத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு சின்ன லேத் இயந்திரம் வைத்துக் கடைசல் பழகுகிறேன். வீடியோ பார்த்துக் கற்றதுதான். பேனா, பம்பரம் எல்லாம் நன்றாக வருகிறது. கிண்ணம் கடையும்போது மட்டும் உளி அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. அமெரிக்க மரக் கடைசலாளர் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன். என்னைப் போன்ற புதியவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? எதைப் பார்ப்பது, எதை எடுத்துப்போவது, எதை வாங்குவது?"

தயங்காமல் போங்கள். உங்களைப் போல வீட்டில் தனியாகப் பழகியவர்கள்தான் அங்கே பெரும்பாலும் வருவார்கள். அந்தச் சங்கம் உருவானதே அப்படிப்பட்டவர்களால்தான். பட்டறையில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து கடைசல் கற்கும் வழி அமெரிக்காவில் அருகிப்போன காலத்தில், ஆளுக்கொரு மூலையில் தாமே கற்றுக்கொண்டவர்கள் 1970களில் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். ஆல்பர்ட் லெகாஃப் முதலானோர் பென்சில்வேனியாவில் 1976 முதல் நடத்திய கூட்டங்களும், டென்னசியின் ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியில் 1985இல் நடந்த மாநாடும் அடித்தளம் போட, 1986இல் சங்கம் பிறந்தது. சிறிய துளை வழியாக உளியை விட்டு உள்ளே குடைந்து மெல்லிய கலயங்கள் செய்த டேவிட் எல்ஸ்வொர்த் அதன் முதல் தலைவர். இன்று 300க்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. ஒருவருக்கொருவர் கேட்டுக் கற்பதற்காகவே கூடியவர்கள் என்பதால், அடிப்படைக் கேள்வி கேட்கிறோமே என்று அங்கே கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மாநாட்டில் பெரும்பாலான நேரம் உங்கள் கையில் உளி இருக்காது. ஒரே நேரத்தில் பல அறைகளில் டெமோ நடக்கும், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள். ஆகவே எப்படிப் பார்ப்பது என்பதில்தான் உங்கள் காசின் பலன் இருக்கிறது.

முதலில் தேர்வு. நிகழ்ச்சி நிரலில் வண்ணம் தீட்டிய கலைப்பொருள்களும் காகிதம் போல மெல்லிய கலயங்களும் கண்ணைப் பறிக்கும். அவற்றில் ஒன்றை ஆசைக்குப் பாருங்கள். மற்ற இடங்களை, ஊர் திரும்பிய அடுத்த மாதத்தில் நீங்கள் லேத்தில் செய்யப்போகும் வேலைக்கு ஒதுக்குங்கள். உங்கள் விஷயத்தில் அது கிண்ணமும் உளி தீட்டுவதும். இரண்டு வேறு ஆட்கள் கிண்ணம் கடைவதைப் பார்ப்பது மிகவும் உதவும். இருவரும் ஒரே மாதிரி செய்வது எதுவோ அது தொழிலின் அடிப்படை, வேறு மாதிரி செய்வது அவரவர் பழக்கம். ஒருவரை மட்டும் பார்த்தால் இரண்டும் கலந்துதான் மண்டையில் ஏறும். அப்புறம், எல்லா நேரத்தையும் டெமோக்களால் நிரப்பிவிடாதீர்கள். நாளுக்கு ஒரு வேளையாவது காலியாக விடுங்கள்.

அறைக்குச் சற்று முன்னதாகவே போய்ப் பக்கவாட்டில் உட்காருங்கள். பெரிய திரையில் உளியின் முனை மட்டும் நெருக்கத்தில் தெரியும். உங்கள் சிக்கலுக்கு விடை முனையில் பாதி, பிடியில் பாதி. டெமோ செய்பவரின் பின்கை எங்கே இருக்கிறது, பிடி இடுப்பை ஒட்டியிருக்கிறதா, உளி நகரும்போது கை நகர்கிறதா அல்லது காலில் இருந்து உடம்பே சாய்கிறதா என்று பாருங்கள். இதைக் கேமரா காட்டாது.

கிண்ணத்தின் விளிம்பில் உளி நுழையும் அந்த இரண்டு நொடியைத் தவறவிடாதீர்கள். பௌல் கௌஜ் என்பது கிண்ணம் கடையும், நீளவாக்கில் பள்ளம் உள்ள உளி. அதன் வெட்டும் முனைக்குப் பின்னால் தீட்டிய சாய்வான பகுதி, அதாவது பெவல், மரத்தில் படிந்திருந்தால் உளி அடங்கியிருக்கும். விளிம்பில் நுழையும்போது பெவல் படிவதற்கு இன்னும் இடமே உருவாகியிருக்காது. அப்போது கௌஜின் பள்ளம் மேல்நோக்கி இருந்தால் தாங்கல் இல்லாத வெட்டும் முனையை மரம் பிடித்து இழுத்துவிடும். உளி கிண்ணத்தின் விளிம்பை நோக்கி வழுக்கி ஓடி, சுருள் மாதிரி ஒரு கோடு கிழிக்கும். கைதேர்ந்தவர்கள் பள்ளம் கடிகாரத்தின் 3 மணித் திசையைப் பார்க்கும்படி உளியைத் திருப்பி நுழைவார்கள். மெல்லிய ஒரு படி வெட்டுப்பட்டு பெவல் அதில் அமர்ந்த பிறகுதான் பள்ளத்தைக் கொஞ்சம் மேலே திருப்பி, சீவலை அகலமாக எடுப்பார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் வீடியோவில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. நேரில், "நுழைவதை மட்டும் இன்னொரு முறை மெதுவாகக் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

காதையும் திறந்து வையுங்கள். நல்ல வெட்டு சீராகச் சீறும். பெவல் விலகினாலோ சுவர் மெலிந்து அதிர்ந்தாலோ ஓசை மாறும். டெமோ செய்பவர் எத்தனை தடவை உளி தீட்டும் கிரைண்டருக்குப் போகிறார் என்றும் எண்ணுங்கள். நாம் வீட்டில் தீட்டுவதைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும்.

அதே சமயம், மேடையில் காண்பதை அப்படியே உங்கள் கராஜுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். கிண்ண டெமோக்களில் பெரும்பாலும் பச்சை மரம்தான் சுழலும். ஈரமான மரம் நாடா நாடாவாக உரியும். நீங்கள் வாங்கும் உலர்ந்த கட்டை அப்படி வெட்டுப்படாது, தூசும் கூடுதல். பச்சை மரக் கிண்ணத்தை அவர் அன்றே முடிப்பதும் இல்லை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர் விட்டு, கடைந்து மாதக்கணக்கில் உலரவைத்து, கோணிப்போனதை மறுபடி கடைவது வழக்கம். மேடையில் இருக்கும் லேத்தும் அசைக்க முடியாத கனம். ஆகவே வேகத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை உங்கள் லேத்துக்கு ஏற்றபடி குறையுங்கள். அங்குலக் கணக்கில் விட்டத்தையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. சின்ன லேத்தில் கீழ் எல்லையிலேயே தொடங்குங்கள். கட்டை ஒருபக்கக் கனமாக இருந்தால் அதற்கும் கீழே.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி: "உங்கள் கௌஜ் எத்தனை டிகிரி?" பெவலைத் தீட்டிய கோணத்தைத்தான் கேட்கிறீர்கள். ஸ்டூவர்ட் பாட்டி என்ற கடைசல் கலைஞர் பரப்பிய 40 டிகிரித் தீட்டல் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அருமையாக வெட்டும். ஆனால் ஆழமான கிண்ணத்தின் அடியில் அதே உளியின் பெவலைப் படியவைக்கப் பார்த்தால் பிடி விளிம்பில் போய் இடிக்கும். அங்கே 55, 60 டிகிரி மழுங்கலான உளி வேண்டும். நீங்கள் பார்த்த வீடியோவில் ஒரு கோணம், உங்கள் கையில் இன்னொரு கோணம் என்றால், அவர் நின்றபடியே நீங்கள் நின்றாலும் உளி மாட்டத்தான் செய்யும்.

நீங்கள் செய்த பொருள் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். பதிவு செய்த எவரும் மூன்று பொருள் வரை வைக்கக்கூடிய கண்காட்சி ஒன்று அங்கே உண்டு. தேர்வுக்குழு கிடையாது. உலகப் புகழ்பெற்றவரின் கலயத்துக்குப் பக்கத்தில் உங்கள் கிண்ணமும் இருக்கும். சுற்றி வருகிறவர்கள் விளிம்பைப் பார்த்துவிட்டு அடியைப் பார்க்கக் குனிவார்கள். அடிப்பாகம் துப்புரவாக முடிந்திருக்கிறதா, உள்ளே எதிரெதிரான இரண்டு இடங்களில் நார் பிய்ந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் தேடுவது. பம்பரம் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ஆணி அடித்துச் சாட்டை சுற்றிய நம் ஊர்ப் பம்பரம் ஒன்றையும் வையுங்கள். அங்கே கடைகிற பம்பரங்கள் பெரும்பாலும் விரலால் சுழற்றுபவை. சாட்டையை எப்படிச் சுற்றுவது என்று கேட்டு நாலு பேர் வருவார்கள், பேச்சு அங்கிருந்தே தொடங்கும். உளி மாட்டிக் கெட்டுப்போன கிண்ணத்தையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுபவசாலி ஒருவரிடம் காட்டினால் அந்தத் தடத்தைப் பார்த்தே நீங்கள் உளியை எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லிவிடுவார். என்னைக் கேட்டால், மாநாட்டில் உங்களுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

கண்காட்சிப் பக்கம் போகும்போது மூடி போட்ட சின்ன மரப் பெட்டிகளையும் நின்று பாருங்கள். கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்கு, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாசிமணி கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. அந்த மணிகளைப் போட்டுவைக்கக் கடைசலாளர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பவை இவை. மூடி பொருந்தக் கடையப் பழகியதும் நீங்களும் ஒன்று செய்யலாம்.

கடைகளில் முதல் நாள் சும்மா சுற்றுங்கள், வாங்காதீர்கள். போகும் முன்பே உங்கள் லேத்தின் சுழலும் தண்டில் உள்ள திருகுப் புரியின் அளவைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தர லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 8 புரி. பெரியவற்றில் ஒன்றேகால் அங்குலம். இது தெரியாமல், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வாங்கினால் வீட்டில் பொருந்தாது. உளியை எப்போதும் ஒரே கோணத்தில் பிடித்துத் தீட்ட உதவும் ஜிக் உங்களிடம் இல்லையென்றால், இன்னொரு உளிக்கு முன்னால் அதை வாங்குங்கள். உளி வாங்கினால் பிடி இல்லாமல் வாங்கலாம், விலை குறையும், பிடி நீங்களே கடைந்துகொள்ளலாம். மெழுகு பூசிய பச்சைக் கட்டைகள் ஆசை காட்டும். விமானத்தில் வந்திருந்தால் பெட்டியின் 23 கிலோ வரம்பை இரண்டு மூன்று கட்டைகளே கணிசமாகத் தின்றுவிடும். 7 அங்குலத்துக்கு மேல் நீளமான கருவி எதையும் கைப்பையில் விடமாட்டார்கள், உளி விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில்தான் போக வேண்டும்.

வீட்டிலிருந்து உளி எதுவும் கொண்டுபோக வேண்டாம். நோட்டு, பேனா, கடினமான தரையில் நாள் முழுக்க நடக்கத் தோதான செருப்பு போதும். கையால் செய்துபார்க்கும் வகுப்பில் சேர்ந்திருந்தால் மட்டும் மோதலைத் தாங்கும் என்பதற்கான Z87+ முத்திரை உள்ள முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்கும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த வாரமே, பார்த்தது மறக்கும் முன், ஒரே அளவு ஒரே மரத்தில் கிண்ணங்கள் கடையுங்கள். அழகாக முடிக்க வேண்டாம். விளிம்பில் நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உங்கள் கையைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும், அது மாநாட்டில் கிடைப்பது அரிது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளையில் சேர்ந்தால் கிடைக்கும். டெக்சாஸில் கிளைகளுக்குப் பஞ்சமில்லை, வேக்கோ நகரில் தென்மேற்குக் கடைசலாளர்களின் கூட்டமும் வழக்கமாக ஆகஸ்டில் நடக்கிறது. காரிலேயே போய் வரலாம், கட்டைகளை அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.