ரோபோ புல்வெட்டி நம்ம ஊர் வீட்டுக்குச் சரிப்படுமா? கேள்வி பதில்

கானாடுகாத்தான் வீட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருக்கிறார், நாங்கள் சிங்கப்பூரில். பின்கட்டில் நாலு சென்ட் புல்தரை. ரோபோ வாங்கி விட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளுமா அண்ணே?

பார்த்துக்கொள்ளாது. வளர்ந்த புல்லை வெட்டுவதற்கான மெஷின் இல்லை இது. தினமும் ஓடி நுனியைச் சில மில்லிமீட்டர் மட்டும் சீவும். அடியில் சுழலும் தட்டில் பெரும்பாலும் சவர பிளேடு அளவுக்குச் சில சின்ன பிளேடுகள்தான் இருக்கும். புல் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் அதனால் ஒன்றும் ஆகாது. பெட்ரோல் மெஷினால் ஒருமுறை வெட்டிக்கொடுத்த பிறகுதான் மறுபடி ஓடும். தென்னங்குரும்பை, மட்டை, காய்ந்த வேப்பங்குச்சி, எது குறுக்கே கிடந்தாலும் நின்றுவிடும். மொபைலுக்குச் செய்தி வரும், சரி. சிங்கப்பூரிலிருந்து குரும்பையைப் பொறுக்க முடியாதே! வாட்ச்மேன் தினமும் தரையைச் சுத்தம் செய்துவிட்டு மெஷினை ஓட விடுவதாக இருந்தால் வாங்குங்கள். நாலு சென்ட் என்பது சுமார் 160 சதுர மீட்டர், சிறிய மாடலே போதும்.

தேவகோட்டையிலிருந்து கேட்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் எப்படி ஓடும்?

பல மாடல்களில் மழை சென்சார் உண்டு. நனைந்ததும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஸ்டேஷனுக்குத் திரும்பி, காய்ந்து சில மணி நேரம் கழித்தே வெளியே வரும். வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து நாள் விடாமல் பெய்தால் மெஷின் உள்ளேயே கிடக்கும், புல்லோ அப்போதுதான் மளமளவென்று ஏறும். சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஈரச் செம்மண்ணில் சக்கரம் வழுக்கி ஒரே இடத்தில் சுற்றும், அங்கே புல் போய்க் குழி விழும். நறுக்கிய தூளும் ஈரத்தில் தட்டுக்கடியில் அப்பிக்கொள்ளும். பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். குழாயைப் பீய்ச்சிக் கழுவலாமா என்பது மாடலைப் பொறுத்தது, கையேட்டைப் பாருங்கள்.

எல்லைக் கம்பி அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்ய?

இந்த மெஷின்களில் தலைவலி பெரும்பாலும் இங்கேதான். மெஷின் எல்லை தாண்டாமல் இருக்க, ஸ்டேஷனில் தொடங்கித் தோட்டத்தைச் சுற்றி ஸ்டேஷனிலேயே முடியும் ஒரே கம்பி, அதாவது லூப், அது. எங்கே அறுந்தாலும் சிக்னல் போய்விடும், மெஷின் நகராது. அறுப்பது மண்வெட்டி, இல்லாவிட்டால் பெருச்சாளி. டேப் சுற்றிய மூட்டு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து விட்டுப்போகும். ஜெல் நிரப்பிய கனெக்டரே போடுங்கள்.

அறுந்த இடத்தைத் தேட முழுவதையும் தோண்ட வேண்டாம். லூப்பின் ஒரு முனையை ஸ்டேஷனிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் ஓர் உதிரிக் கம்பியை மாட்டுங்கள். அதன் மறுமுனையை லூப்பின் நடுப்பகுதியில் இணையுங்கள். ஸ்டேஷன் விளக்கு சரியாகிவிட்டால் அறுவு நீங்கள் விலக்கிய பாதியில் இருக்கிறது, இல்லாவிட்டால் மறுபாதியில். அந்தப் பாதியை இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் ஐந்தாறு முறையில் சில மீட்டருக்குள் வந்துவிடும்.

இன்னொன்று, இடி. நீளமாகக் கிடக்கும் கம்பி மின்னல் அதிர்வை வாங்கி ஸ்டேஷன் போர்டைப் புகைத்துவிடும். வானம் கறுத்தால் பிளக்கை மட்டும் பிடுங்கிப் பயனில்லை, கம்பியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள்.

கம்பியே வேண்டாம், சாட்டிலைட் மாடல் வாங்கிவிடட்டுமா?

அது சாட்டிலைட் சிக்னலைப் பிடித்து வழி அறியும், அதற்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டு மாடி வீட்டுச் சுவரை ஒட்டிய பின்கட்டிலும் மாமர நிழலிலும் சிக்னல் மறைந்து மெஷின் வழியில் நின்றுவிடும். முற்றத்துக்கு யோசிக்கவே வேண்டாம். வாங்கும் முன், அந்தச் சிக்னலை வாங்கும் ஆன்டெனா வைக்கப்போகிற இடத்தில் நின்று பாருங்கள். நாலு பக்கமும் வானம் தெரிகிறதா?

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: சுவரோரம் புல் அப்படியே நிற்கிறதே தம்பி, இதற்கா இவ்வளவு பணம்?

நிற்கத்தான் செய்யும் ஆச்சி. பிளேடு மெஷினின் நடுவில் இருப்பதால் சுவரோரமாய் ஒரு சாண் அகலம் தப்பிவிடும். கையாலோ நைலான் நரம்பு மெஷினாலோ வெட்ட வேண்டும். புல்மட்டத்துக்கே ஓரடி அகலத்தில் கல் பதித்துவிட்டால், ஒரு சக்கரம் கல்லில் ஓடி ஓரம் முழுக்க வெட்டிவிடும். கல்லுக்கு மேலே செம்மண் சரளை சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளேடு முனை போய்விடும்.

கோரை ஒழியுமா?

ஒழியாது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

பகலில் வெயில், இரவில் ஓட்டலாமா?

வேண்டாம். தேரை, நம்ம பக்கத்து வறண்ட நிலங்களில் இருக்கிற முள்ளெலி எல்லாம் இரவில்தான் வெளியே வரும், மெஷினுக்கு அவை தெரியாது. முள்ளெலி ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டுகொள்ளும். 18 மாடல்களை வைத்து டென்மார்க்கில் செய்து 2021இல் வெளியான சோதனையில், உடலைத் தொடாமல் முள்ளெலியைக் கண்டுகொண்ட மெஷின் ஒன்றுகூட இல்லை. காலை ஏழிலிருந்து பத்து மணி வரை ஓட்டுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் வெறுங்காலோடு புல்லில் இறங்கக் கூடாது. தூக்கினால் பிளேடு நிற்கும், ஆனால் ஓரமாய் நுழையும் சின்ன விரலை மெஷின் அறியாது. ஸ்டேஷனுக்கு ஓடோ தகரமோ போட்டு நிழல் கொடுங்கள். சித்திரை வெயிலில் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சூடேறினால் பெரும்பாலும் சார்ஜ் ஏறாது.

பாதி விலைக்குப் பழைய மெஷின் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முழு சார்ஜில் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள், கையேட்டில் சொன்னதில் பாதிகூட ஓடாவிட்டால் பேட்டரிக்குத் தனிக்காசு. பிளேடு தட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் பேரிங் போயிற்று. PIN என்ற ரகசிய எண் இல்லாமல் மெஷின் திறக்காது. அதைச் சொல்லி, மொபைல் ஆப்பில் உள்ள தன் பழைய கணக்கிலிருந்து மெஷினை உங்கள் கண்முன்னே நீக்கிக்கொடுக்காதவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.