தெரியாத துறையில் அலுவலக வேலை: முதல் சில வாரங்களில் என்ன செய்யலாம்?

அடுத்த வாரம் கொஞ்சமும் பழக்கமில்லாத துறையில் வேலைக்குச் சேர்கிறேன், முதலில் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துறை என்று சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

துணைப்பாட நிலையத்தில் எட்டு ஆண்டு கணக்கு எழுதியவள் நான். அங்கிருந்து சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவுக்கு வந்தேன். பி.எல்., இ.டி.ஏ., டெமரேஜ் என்று முதல் நாள் காதில் விழுந்தது எதுவும் புரியவில்லை. அதை நினைத்துக் கலங்க வேண்டாம். சின்ன நோட்டில் எழுதி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வாயில் வந்துவிடும்.

மூன்றாவது வாரம் ஒரு பி.எல். வரைவு கைக்கு வந்தது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு அது. சரக்கைப் பெறுபவர் பெயர் வரும் கட்டத்தில் 'டு ஆர்டர்' என்று மட்டும் இருந்தது. பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, இன்வாய்ஸைப் பார்த்து வாங்குபவர் பெயரை நானே போட்டுவிட்டேன். நல்லவேளை, அசல் அச்சாகும் முன் பக்கத்து மேசை அக்கா பார்த்துவிட்டார்.

"இதை மாத்தினது நீயாம்மா?" என்றார். திட்டவில்லை. மதியம் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய், அவருடைய தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆறிப்போகும்வரை விளக்கினார். வெறும் பெயராக இல்லாமல் 'டு ஆர்டர்' என்று இருந்தால்தான் பின்பக்கம் கையெழுத்திட்டு அந்தச் சீட்டை அடுத்தவருக்கு மாற்ற முடியும். அந்தச் சரக்குக்குப் பணம் எல்.சி. வழியாக, அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம் வழியாக, வர வேண்டும். வங்கி கேட்டிருந்ததும் 'டு ஆர்டர்'தான். பெயரோடு போயிருந்தால் வங்கி ஏற்காது, விற்றவருக்குப் பணம் நின்றுபோகும்.

அதிலிருந்து, தப்பாகத் தெரிகிற எதையும் கைவைக்கும் முன் "இது ஏன் இப்படி?" என்று கேட்டுவிடுகிறேன். புரொபேஷன் காலத்தில் கூச்சமில்லாமல் கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அப்புறம், காகிதத்தில் பார்ப்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு நாள் கெப்பல் ரோடு சிக்னலில் என் பேருந்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் லாரி நின்றது. அதில் கண்டெய்னர் எண்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மட்டும் கட்டத்துக்குள். முன்னால் உள்ள எழுத்தும் இலக்கமுமான பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம் அது. தினமும் நான் தட்டிக்கொண்டிருந்த எண், என் உயரத்துக்கும் மேலே துருப்பிடித்த இரும்பில் எழுதியிருந்தது. மறுநாள் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்த்துத் தட்டினேன்.

எந்தத் துறை என்று சொல்லுங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்கிறேன்.