1913ஆம் ஆண்டின் ஹர்லிங் சாம்பியன்ஷிப்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹர்லிங் என்பது ஹாக்கி போன்ற ஆட்டம்தானா? அதில் 1913ஆம் ஆண்டுக்கு அப்படி என்ன சிறப்பு?

பதில்: அவ்வாண்டு அயர்லாந்து சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டத்தில் கில்கென்னி, டிப்பரரி என்னும் இரு கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பகுதிகளின்) அணிகள் மோதின. ஆட்டத்தைப் பொறுத்தவரை, கையில் மட்டை இருக்கிறது என்பதற்கு மேல் ஹாக்கியுடன் பெரிய ஒப்புமை இல்லை. அயர்லாந்துக்கே உரிய இந்த ஆட்டத்தில் பந்தைத் தரையிலும் அடிக்கலாம், தலைக்கு மேல் பறக்கும்போதும் அடிக்கலாம், கையாலும் பிடிக்கலாம். மட்டையை ஆஷ் மரத்தின் அடியிலிருந்து, வேர் வளைந்து பிரியும் பகுதியோடு சேர்த்து அறுத்தெடுப்பார்கள். மரத்தின் ரேகை அந்த வளைவை ஒட்டியே ஓடுவதால்தான் அகன்ற நுனி அவ்வளவு அடியையும் தாங்குகிறது. அக்காலத்தில் தலைக்கவசம் கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அணிக்கு 17 பேர் என்றிருந்ததை 15 ஆகக் குறைத்தது 1913இல்தான். அந்த எண்ணிக்கை இன்றும் நிலைத்திருக்கிறது.

கேள்வி: ஆட்ட முடிவுகளை 2-4 என்பதுபோல எழுதுகிறார்களே, எப்படிப் படிப்பது?

பதில்: முதல் எண் கோல், இரண்டாவது எண் பாயின்ட். ஒரு கோல் மூன்று பாயின்ட்டுக்குச் சமம். ஆகவே 2-4 என்றால் மொத்தம் 10. அவ்வாண்டு லென்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் கில்கென்னி 0-3, டப்ளின் 1-0 எடுத்தன. எண்கள் வேறாகத் தெரிந்தாலும் ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் கில்கென்னி 7-5க்கு 2-1 என்று வென்றது.

கேள்வி: இறுதியாட்டத்தில் கில்கென்னியின் எதிரணியான டிப்பரரியை ஏன் டூமவாரா என்றும் சொல்கிறார்கள்?

பதில்: கவுண்டியின் சாம்பியன் கிளப்பே கவுண்டி அணியைத் திரட்டிக் களமிறக்குவது அன்றைய வழக்கம். டூமவாரா என்ற சிற்றூரின் கிளப்புக்கு அந்தப் பொறுப்பு வாய்த்திருந்தது. கேப்டன் 'வெட்ஜர்' மேகர். அவர்களுடைய ஓட்ட வேகத்தைப் பார்த்து மக்கள் 'கிரேஹவுண்டுகள்' என்று வேட்டைநாய்களின் பெயரால் அழைத்தார்கள். மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் கார்க் அணியை அவர்கள் 8-2க்கு 5-3 என்று தோற்கடித்தார்கள்.

கேள்வி: அதே ஆண்டில் கில்கென்னியை டிப்பரரி ஒருமுறை பெரிய வித்தியாசத்தில் வென்றதாகப் படித்தேன். பிறகு சாம்பியன் பட்டம் எப்படிக் கைநழுவியது?

பதில்: நீங்கள் படித்தது குரோக் நினைவுப் போட்டியின் இறுதியாட்டம். அதில் டிப்பரரி 5-4, கில்கென்னி 1-1. அதாவது 19க்கு 4. ஆனால் நவம்பர் 2 அன்று டப்ளினில் நடந்த சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் கில்கென்னி 2-4க்கு 1-2 என்று வென்றது. முன்பு 19 எடுத்த அணியை 5இல் நிறுத்தியதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1904 முதல் 1913 வரையிலான பத்துப் பருவங்களில் கில்கென்னி ஏழு பட்டங்களை வென்றது. சிம் வால்டன், ஜாக் ராச்ஃபர்ட், டிக் டாயில், டிக் வால்ஷ் ஆகிய நால்வரும் அந்த ஏழிலும் பங்குபெற்றவர்கள். இறுதியாட்டத்தின் பரபரப்பு அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. டிக் வால்ஷ் கேப்டனாக வென்ற மூன்றாவது பட்டம் இது. 1907, 1909 பட்டங்களும் அவர் தலைமையில் வந்தவையே. என் கணிப்பில், பின்வரிசையில் ராச்ஃபர்ட் போன்றவர்கள் காட்டிய நிதானமே அன்று வேகத்தை வென்றது.

கேள்வி: குரோக் நினைவுப் போட்டி யாருக்காக நடந்தது? குரோக் பார்க் மைதானத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. ஹர்லிங் போன்ற அயர்லாந்து ஆட்டங்களை நடத்தும் கேலிக் தடகளச் சங்கத்தின் புரவலராக இருந்து 1902இல் காலமான பேராயர் தாமஸ் குரோக்கின் நினைவாக நடந்த போட்டி அது. அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்துப் பிரிவின் இறுதியாட்டத்தைக் கெர்ரியும் லௌத்தும் இருமுறை ஆட வேண்டிவந்ததால் மக்கள் திரண்டு வந்தார்கள். வசூல் எதிர்பார்ப்பை மிஞ்சியது. ஜோன்ஸ் ரோடு மைதானத்தை 1908இல் தம் சொந்தப் பொறுப்பில் 3,250 பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்த ஃபிராங்க் டினீனிடமிருந்து, 1913இல் சங்கம் அந்த வசூலின் துணையோடு அதை 3,500 பவுண்டுக்குப் பெற்று, பேராயர் பெயரைச் சூட்டியது. டினீன் அன்று துணிந்திராவிட்டால் அந்த இடம் கட்டடங்களுக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அவரை இன்னும் அதிகமாக நினைவுகூர வேண்டும்.

கேள்வி: அதற்குப் பிறகு இரு அணிகளும் என்னவாயின?

பதில்: 1914 பட்டம் கிளேர் கவுண்டிக்குப் போனது. கில்கென்னி அடுத்த பட்டத்துக்கு 1922 வரை காத்திருந்தது. டிப்பரரி 1916ஆம் ஆண்டுக்கான இறுதியாட்டத்தில் கில்கென்னியை 5-4க்கு 3-2 என்று வென்று கணக்குத் தீர்த்தது. ஆனால் அப்போது கவுண்டி அணியை நடத்திச் சென்றது போஹர்லாஹன் கிளப், டூமவாரா அல்ல.